கேதீஸ்வரி மஞ்சள் பூசி அனுப்பிய கடிதங்கள்

காப்புறுதி முகவரின் ஸ்கூட்டர் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் மனிதர்கள் வீட்டில் இல்லாமல் போய்விடுவார்கள். உள்ளே வானொலி பாடும், அடுப்பில் கறி கொதிக்கும், ஆள் மட்டும் இருக்காது. “அம்மா குளிக்கிறா” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். காலையில் குளிக்கப் போன அந்த அம்மா, ஸ்கூட்டர் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பும்வரை குளித்துக்கொண்டே இருப்பாள். ஆரையம்பதிக் கேதீஸ்வரி பதினாறு வருடமாக இந்தக் குளிப்புகளைப் பார்த்தவள். அவளுக்குக் கோபம் வராது. “ஆறுதலாக் குளிக்கச் சொல்லுங்க, நான் நாளைக்கு வாறன்” என்பாள். சொன்னபடி நாளைக்கு வந்தும் நிற்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. மட்டக்களப்பு நகரத்தில் கிளை வைத்திருந்த ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு அவள் முகவர். கம்பனியின் பெயர் நமக்கு எதற்கு? முகவர் என்றால் சம்பளம் கிடையாது. ஆள் பிடித்தால் தரகு, பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்து படுத்தால் அந்த மாதம் காற்றைத்தான் குடிக்க வேண்டும். கணவன் சுதாகரன் வாவிக்கரையில் வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவன். வாவியில் மீன்பாடு இல்லாத காலத்தில் அவனிடமும் யாரும் வரமாட்டார்கள். இப்படியே ஓட்டிக்கொண்டு வந்த வீட்டில், அவளுக்கு நாற்பத்தொன்பது வயதானபோது வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கிளையில் ஒரு நிரந்தர வேலை. ஒரு மேசை, ஒரு கதிரை, மாதம் முடிந்தால் சம்பளம். ஐம்பது தாண்டினால் கம்பனி யாரையும் நிரந்தரமாக்காது என்பது எல்லா முகவருக்கும் தெரியும். இந்த வருடம் இல்லையென்றால் அவளுக்கு அது எப்போதும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நிலோஜன் கிளை முகாமையாளராக வந்து சேர்ந்தான். கொழும்பில் படித்த மட்டக்களப்புப் பிள்ளை. முப்பது வயதுக்கு அந்தக் கதிரை பெரிதுதான், ஆனாலும் மரியாதை தெரிந்தவன். வந்த கிழமையே முகவர்களை எல்லாம் கூட்டி வைத்துச் சொன்னான்.

“எல்லாரும் பேஸ்புக்கில விளம்பரம் போடுறாங்க. அறுபது தாண்டின ஆக்கள் அதையா பாக்கிறாங்க? அவங்களுக்கு இப்ப ஆர் கடிதம் எழுதுறாங்க, சொல்லுங்க பாப்பம். அதால நாங்க எழுதுவம்.”

திட்டம் இதுதான். முதியவர்களுக்கென்று கம்பனி ஒரு காப்புறுதி கொண்டு வந்திருந்தது. ஆசுபத்திரியில் கிடந்தால் ஒரு தொகை, கண்ணை மூடினால் அடக்கச் செலவுக்கு ஒரு தொகை. அதைப் பற்றி வீடு வீடாகக் கடிதம் போகும். உள்ளே ஒரு பதில் அட்டை இருக்கும். விருப்பமானவர்கள் அதில் ஒரு கோடு போட்டுத் தபாலில் சேர்த்தால் போதும், முத்திரைகூடத் தேவையில்லை. அட்டை வந்த வீட்டுக்கு மட்டும் முகவர் போனால் சரி.

“குளிக்கிற அம்மாக்களிட்டப் போகத் தேவையில்லக்கா,” என்று நிலோஜன் கேதீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான். “வா எண்டு சொல்லுற ஆக்களிட்ட மட்டும் போவம். இது சரிவந்தா முதியோர் பிரிவு எண்டு தனியா ஒண்டு திறக்கலாம். அதுக்குப் பொறுப்பா நிரந்தரமா ஒரு ஆள் வேணும். அது நீங்கதான்.”

அன்றைக்குக் கல்லடிப் பாலத்தில் திரும்பி வரும்போது முழங்கால் நோவே அவளுக்குத் தெரியவில்லை.

விலாசம் தேடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஓய்வூதியர் சங்கம், முதியோர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் உபயகாரர் என்று அவள் போய்க் கேட்காத இடமில்லை. நகரத்தில் என்றால் வீட்டுக்கு இலக்கம் இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை ஊர்களில் இலக்கமாவது மண்ணாங்கட்டியாவது! ‘பிள்ளையார் கோயிலடி, உடைந்த மதகுக்கு முன்வீடு’ என்பதுதான் அங்கே விலாசம். செத்தவர்களை நீக்கி, மகள் வீட்டோடு போய்விட்டவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களை அவள் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நிலோஜன் வாயைப் பிளந்தான்.

முதல் தடவை கடிதங்கள் கொழும்பில் அச்சாகி, கண்ணாடித்தாள் சன்னல் வைத்த நீள வெள்ளை உறையில் போயின. போனது போனதுதான், கிணற்றில் போட்ட கல். பதில் அட்டை நாலைந்து வந்திருந்தால் பெரிய காரியம். கேதீஸ்வரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரணம் பார்க்கப் போனாள். ஒரு வீட்டில் கடிதம் மணிக்கூட்டுக்குப் பின்னால் திறக்காமலே கிடந்தது. இன்னொரு வீட்டில் அரிசிப் பெட்டிக்கு அடியில். ஒரு அம்மா அதைத் திறக்க முதல் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள்.

“கொழும்பில இருந்து டைப் அடிச்சு வாற கடுதாசி நல்லதுக்கா புள்ள வரும்?” என்றார் ஒரு பெரியவர்.

அவர் சொன்னதில் என்ன பிழை? வங்கிக் கடன், காணி வழக்கு, காணாமல் போன பிள்ளையைப் பற்றி விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு, எல்லாம் இந்தப் பக்கத்துக்கு இதே நீள உறையில்தான் வந்து சேர்ந்தன. உறையைக் கண்டதுமே கை நடுங்கப் பழகிய சனம் இது. கொழும்பில் குளிரூட்டிக்குக் கீழே இருந்து உறை தெரிவு செய்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

கேதீஸ்வரிக்குத் தெரிந்தது. அவள் நிலோஜனிடம் வந்து சொன்னாள்: “தம்பி, விலாசத்த நான் கையால எழுதுறன். முத்திரைய ஒட்டுவம். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுவம். மஞ்சள் தடவின கடுதாசிய இஞ்ச ஒருத்தரும் திறக்காம விடமாட்டாங்க.”

கல்யாணம், பூப்புனித நீராட்டு, வீடு குடிபூரல் என்று நல்ல காரியத்துக்கு எழுதும் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள் இருக்கும். தபால்காரர்கூட அதை மற்றக் கடிதங்களோடு சேர்க்காமல் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “என்னகா, எவ்விடத்துக் கலியாணம்?” என்று கேட்டுக் கொடுப்பார். நிலோஜன் துள்ளிக் குதித்தான். அவனும் தன் பங்குக்கு மூளையைக் கசக்கினான். வயதானவர்களுக்குக் கண் மங்கல் அல்லவா, ஆகவே கடிதத்தின் முதல் வரிகள் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். ‘அன்புடையீர்’ என்று தொடங்கினால் காரியாலயக் கடிதம் போலிருக்கும், ‘அன்புள்ள அம்மா’, ‘அன்புள்ள ஐயா’ என்றே போடலாம். அடுத்த வரி, ‘இவ்வளவு காலமும் உங்களைத் தேடி வராததற்கு மன்னியுங்கள்.’ இதற்கு மேல் நெஞ்சைத் தொட யாரால் முடியும்? மிச்ச விவரமெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதால் சின்ன எழுத்தில் போயிற்று. பதில் அட்டையில் ஒரு பெட்டி, பக்கத்தில் ‘ஓம், எனக்குச் சம்மதம்’ என்று மறுபடியும் கொட்டை எழுத்து. கம்பனியின் பெயர் உறையில் வேண்டாம், தபால்பெட்டி இலக்கம் போதும் என்று முடிவானது.

வீட்டில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு அவள் உறை உறையாகத் தடவினாள். பார்த்துக்கொண்டிருந்த சுதாகரன் சும்மா இருக்கவில்லை.

“சாவுச் செலவுக்குக் காசு கட்டச் சொல்லுற கடுதாசிக்கு மஞ்சள். நல்லாரிக்கி உங்கட கம்பனி.”

“ஆசுபத்திரிச் செலவும் அதில இரிக்கி. வாய வெச்சிட்டுச் சும்மா இரிங்க பாப்பம்,” என்று அவள் கடித்தாள். கடித்தாளே ஒழிய, உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதை அவள் முழங்காலை நினைத்துக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

அட்டைகள் வந்து குவிந்தன. தபால்காரர் கிளைக்கு ஒரு பையோடு வரத் தொடங்கினார். கேதீஸ்வரி வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை யாரும் குளிக்கவில்லை. “கலியாண வீடெண்டு நினைச்சுத் திறந்தன், நீ வந்து நிக்கிறாய்” என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தார்கள். காத்தான்குடியில் பழைய புடைவைக்கடைக்காரர் முகைதீன்பாவா உறையைத் தூக்கிக் காட்டினார்.

“இத எழுதினவ கறி ஆக்கிற இடத்தில இரிந்தா எழுதினா? மூலையெல்லாம் தூள் பட்டுக் கிடக்கு!”

“நான்தான் நானா எழுதின. அது எங்கட ஆக்கள்ற வழக்கம்.”

“அல்லாஹ்வே! அப்ப எங்களுக்கு அத்தர் தடவியெல்லோ அனுப்பியிரிக்கணும்,” என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கள் ஆட்களுக்கு வட்டி கலக்காத வேறு முறைத் திட்டம் இருப்பதாகச் சொல்லி, காப்புறுதி எடுக்காமலே ஒரு தட்டு மஸ்கத் அல்வா கொடுத்து அனுப்பினார். நல்ல மனிதர்.

மாசி முடிவதற்குள் போதுமான கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. நியமனக் கடிதம் தலைமைக் காரியாலயத்தில் தயாராகிறது, பங்குனியில் வந்துவிடும் என்றான் நிலோஜன். கேதீஸ்வரி கிளைக்குள் போய், எந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் தன் மேசையைப் போடலாம் என்றுகூடப் பார்த்து வைத்தாள். அட்டை அனுப்பியவர்களில் பார்க்காமல் இருந்தது கொஞ்சப் பேர்தான். அதில் ஒருவர் அன்னப்பூரணி.

மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைப் பக்கம் போனால், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல் வட்டையை ஒட்டிய வீடு அது. வேளாண்மை வெட்டி முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. அன்னப்பூரணிக்கு எழுபது வயது இருக்கும். கணவன் போன பிறகு தனி ஆளாக வயல் செய்து, வெட்டும் இயந்திரக்காரரோடு வாய்ச்சண்டை பிடித்து, நெல்லை ஒரு மூட்டைகூட ஏமாறாமல் விற்கிறவர் என்று ஊரில் பெயர். இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்திருந்தது, அறுவைக்கு ஆசுபத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள். கேதீஸ்வரி வேலிக் கடப்படியில் நின்று கூப்பிட்டாள்.

“பெரியம்மா, நீங்க அனுப்பின பதில் காட் கிடைச்சது. அதான் வந்தன்.”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அன்னப்பூரணி ஓடி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கேதீஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கிடைச்சிட்டா? வா புள்ள, உள்ள வா. இரிகா, இதில இரி.”

சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கதிரைக்குப் புதுத் துணி. வெற்றிலைத் தட்டம் வந்தது, தேத்தண்ணி வந்தது, சீனி அரியதரம் வந்தது. பதினாறு வருடத்தில் எந்த வீட்டிலும் அவளை இப்படி உபசரித்தது கிடையாது. கேதீஸ்வரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆசுபத்திரிக் காப்புறுதிக்கு இவ்வளவு ஆசைப்பட்ட மனிசியா என்று நினைத்துக்கொண்டு, பையில் இருந்த படிவத்தை எடுக்கப் போனாள்.

“அவள் எப்பிடி இரிக்காள்?” என்று கேட்டார் அன்னப்பூரணி.

“ஆரு பெரியம்மா?”

“அவள்தான் புள்ள. மகன்ட அவள். நீ அவள்ற பக்கத்து ஆளா, மகன்ட கூட்டாளிமாரில ஆரும்ட பெண்சாதியா?” பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். “நான் அண்டைக்கு ஏலாதெண்டு நிண்டது உண்மைதான். அவனும் அவளும் ஒரே குடி. தாய்வழி ஒண்டெண்டா அண்ணன் தங்கச்சி முறை, எங்கட ஆக்களில நடக்காத காரியம். ஊர் காறித் துப்பும் எண்டு பயந்தன். நான் உயிரோட இரிக்குமட்டும் சம்மதம் தரமாட்டன் எண்டு பிள்ளையார் வாசலில வெச்சுச் சொல்லிட்டன். அவன் போயிட்டான். அதுக்குப் பிறகு ஒரு கடுதாசி இல்ல, ஒரு போன் கோல் இல்ல. இப்பதான் எழுதியிரிக்கான்.”

சாமிப் படத்தட்டிலிருந்து அவர் அந்த உறையை எடுத்து வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள். கேதீஸ்வரிக்குத் தன் கையெழுத்துத் தெரியாதா?

“கண்ணாடி வெச்சுப் பாத்தும் சின்ன எழுத்து ஒண்டும் விளங்கல்ல. ‘அன்புள்ள அம்மா’ எண்டு எழுதியிரிக்கான். இவ்வளவு காலமும் தேடி வராததுக்கு மன்னிக்கச் சொல்லியிரிக்கான். அதுக்குப் பிறகு என்ன வேணும்? சம்மதமா எண்டு கேட்டு ஒரு காட் வெச்சிருந்தான். அண்டைக்கே ‘ஓம்’ எண்டு கோடு போட்டு, பக்கத்தில என்ட பேரையும் எழுதி அனுப்பிட்டன்.”

“மிச்சத்த ஆரையும் வாசிக்கச் சொல்லல்லயா?” என்று கேட்டாள் கேதீஸ்வரி.

“ஊரார் வாயில என்ட மகன்ட கடுதாசிய விடவா? என்னைப் பேசி நாலு வரி எழுதியிருந்தாலும் அது எனக்குள்ள இரிக்கட்டும். நீ அவன்ட ஆள். நீ வாசி.”

கடிதம் அவள் மடியில் இருந்தது. கேதீஸ்வரி நினைத்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். ‘மகன் சுகமா இரிக்காராம், பிறகு எழுதுவாராம்’ என்று இரண்டு வரி வாசித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடலாம். இந்த ஒரு கையெழுத்து அவளுக்குத் தேவையில்லை, மேசை எப்படியும் வந்துவிடும். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது. ஆனால் அந்த மனிசி நாளைக்கும் கடப்படியைப் பார்த்துக்கொண்டு இருப்பாரே, நாளன்றைக்கும் இருப்பாரே!

“பெரியம்மா, இது மகன் எழுதினதில்ல. நான் எழுதினது. எங்கட கம்பனிக் கடுதாசி.”

அன்னப்பூரணிக்கு விளங்கவில்லை. கேதீஸ்வரி திரும்பவும் சொன்னாள். காப்புறுதி என்றாள், முதியோர் திட்டம் என்றாள், அடக்கச் செலவு என்ற சொல்லையும் சொல்ல வேண்டி வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே தன்மீது அருவருப்பாக இருந்தது.

“மஞ்சள் ஆர் தடவின?”

“நான்தான்.”

“ஏன்கா?”

“திறந்து பாப்பீங்க எண்டுதான்.”

அன்னப்பூரணி ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெற்றிலைத் தட்டத்தை எடுத்து உள்ளே வைத்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் நெல் வியாபாரிகளோடு பேசுகிற குரல்.

“அப்ப நான் போட்ட ‘ஓம்’ எங்க?”

“ஒபிஸில இரிக்கி.”

“அது உங்களுக்குச் சொன்னதில்ல. அதக் கொண்டு வந்து தா.”

பாலத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி கேதீஸ்வரி ஒருபாட்டம் அழுதாள். இந்த வீட்டுக்கு அவள் போய்விட்டாள், தெரிந்துவிட்டது. திறந்து பார்த்து, ஏமாந்து, அட்டை அனுப்பாமல் இருந்துவிட்ட வீடுகள் எத்தனையோ! அதை யார் வந்து அவளுக்குச் சொல்லப்போகிறார்கள்?

மறுநாள் கிளையில் நிலோஜன் அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். மேசையில் ஒரு புது உறையின் மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் நிறம் அச்சிலேயே போட்டிருந்தது.

“அக்கா, தலைமைக் காரியாலயம் ஓம் எண்டிட்டு! யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, எல்லா இடத்துக்கும் சித்திரைக்கு முதல் இதுதான் போகுது. நீங்கதான் பொறுப்பு. உங்கட நியமனமும் இதோட சேர்ந்துதான் வருது.”

அவள் உட்காரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் கேட்டான். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, அவன் முகமும் வாடித்தான் போனது.

“பாவம்தான். ஆனா ஒரு ஆள்தானேக்கா.”

“எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆள் தம்பி.”

“மஞ்சள் உங்கட ஐடியாதானே.”

“ஓம், என்ட ஐடியாதான். அதாலதான் நான் சொல்லுறன், வேணாம். கையால எழுதுவம், கொட்டை எழுத்தில ‘இது காப்புறுதிக் கடிதம்’ எண்டு மேலயே போடுவம். திறக்கிறவங்க திறக்கட்டும்.”

நிலோஜன் பெருமூச்சு விட்டான். அப்படிப் போட்டால் அட்டை வராது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மஞ்சள் இல்லாவிட்டால் பிரிவும் இல்லை, பிரிவு இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று அவன் மெதுவாக, மரியாதையாகவே சொன்னான். “வீட்ட போய் யோசிச்சுட்டு வாங்கக்கா. உங்கட காலையும் யோசிங்க.”

“யோசிச்சிட்டன். அந்தக் காட்ட மட்டும் தாங்க.”

அவன் அலுமாரியைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கெட்டவர்கள் அல்லாதவர்களை வைத்துக்கொண்டே எல்லாம் நடந்துவிடுகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். மஞ்சள் மூலை உறைகள் சித்திரைக்கு முன்னரே அச்சாகி ஊர் ஊராகப் போயின. பொறுப்பாளராக வேறு கிளையில் இருந்து ஒரு பெண்பிள்ளை வந்து, சன்னலுக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள். கேதீஸ்வரி ஐப்பசியில் ஐம்பதைத் தாண்டினாள். இன்றைக்கும் முழங்காலில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு அதே ஸ்கூட்டரில்தான் திரிகிறாள். பங்குனியில் அன்றைக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது சுதாகரன் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் காலைத் தேய்த்துவிட்டான். அவள் அப்போதும் அழுதாள். மேசை போனது வலிக்கத்தான் செய்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அதற்கு அடுத்த நாள் அட்டையோடு படுவான்கரைக்குப் போனபோது அன்னப்பூரணி அதை வாங்கி, ‘ஓம்’ என்று கோடு போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத இனி மகனுக்கு அனுப்போணும். விலாசம் எழுது.”

“என்ட கையில அவர்ட விலாசம் இல்லையே பெரியம்மா.”

“இல்லையா?” அவர் நிமிர்ந்தார். “முகம் தெரியாத எத்தின கிழடு கட்டைக்கு விலாசம் தேடிப் பிடிச்சுக் கடுதாசி போட்டநீ! இந்த வட்டையடியில ஒதுங்கிக் கிடந்த என்னையே கண்டுபிடிச்சநீ. வித்துப் போடுறதுக்கு அவ்வளவு தேடின உனக்கு, எனக்காக ஒருத்தனைத் தேட ஏலாதா?”

கேதீஸ்வரிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “தேடுறன்,” என்றாள்.

தேடினாள். மகன் சிவதர்ஷன் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டாள், அவனோடு பந்து விளையாடியவர்களைக் கேட்டாள். மாங்கேணியில் மீன்வாடி போட்டிருந்த ஒருவன் கட்டாருக்குக் கைகாட்டினான், கட்டாரில் இருந்தவன் பிரான்ஸுக்குக் கைகாட்டினான். கடைசியில் பாரிஸுக்கு வெளியே ஒரு தொலைபேசி இலக்கம் அகப்பட்டது. கேதீஸ்வரி அழைத்தாள். தான் யார், எதற்காக எடுக்கிறாள் என்று சொன்னாள். மஞ்சள் விஷயத்தையும் ஒளிக்கவில்லை.

“அம்மா ‘ஓம்’ எண்டு போட்டவவா?” என்று கேட்டான் சிவதர்ஷன். பிறகு, “எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு கனகாலம் அக்கா. இந்தப் பக்கமே ஒரு கோயிலில கட்டினனாங்க. ரெண்டு பிள்ளைகள், மூத்தவள் பெரிய பள்ளிக்கூடம் போறாள். இனி அந்தக் காட்ட வெச்சு நான் என்ன செய்ய?” என்றான். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான் என்றுதான் கேதீஸ்வரி நினைத்தாள். அவன் வைக்கவில்லை. விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

விலாசம் அகப்பட்டுவிட்டது, ஆனால் மிச்சத்தையும் சொல்லாமல் எப்படிக் கொடுப்பது? கேதீஸ்வரி அன்னப்பூரணிக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்ட கடைசிக் கேள்வியையும் சேர்த்தே சொன்னாள், இந்த மனிசிக்கு இனி அரைகுறையாக எதுவும் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அன்னப்பூரணி அட்டையைக் கையில் எடுத்தார்.

“ரெண்டு பிள்ளையா?”

“ஓம்.”

“அப்ப கலியாணம் எப்பவோ முடிஞ்சிட்டு.”

“முடிஞ்சிட்டு பெரியம்மா. இனி இத அனுப்பித்தான் ஆகணும் எண்டில்ல.”

“நீ என்ன கதைக்கிறாய்?” என்றார் அவர். கோபம் இல்லை, கேதீஸ்வரிக்கு இது எப்படி விளங்காமல் போனது என்ற ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. “அவன் கலியாணம் முடிச்சாலென்ன, பேரப்பிள்ளை கண்டாலென்ன? அவன் இந்த முற்றத்தில நிண்டு என்னட்ட ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனவன். நான் இன்னும் அதுக்குச் சரியான மறுமொழி சொல்லல்லயே புள்ள.”

அவர் அட்டையை நீட்டினார். கேதீஸ்வரி அதை வாங்கி ஒரு உறைக்குள் வைத்து, மேலே சிவதர்ஷன் என்று எழுதி, அவன் சொன்ன விலாசத்தைக் கீழே எழுதத் தொடங்கினாள்.